வாசல் வரை: ஊவாத் தோட்டங்களின் இளையோரும் கிறிஸ்தவ சபைகளும்

1. கேள்வி

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் கிறிஸ்தவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கோயில் தலைவரும், விகாரைத் தேரரும், பத்திரிகைக்காரரும் கேட்பது ஒரே கேள்விதான்: இளம் பிள்ளைகள் ஏன் அங்கே போகிறார்கள்? காசுக்கா, சுகத்துக்கா, பாட்டுக்கா? சபைகளின் ஊழிய அறிக்கைகள் இதே கேள்விக்குத் 'தேவனுடைய கிரியை' என்று வேறு விடை எழுதுகின்றன. கேள்வியை அவையும் மாற்றுவதில்லை. இக்கட்டுரை வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. போகிறவர்கள் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்? அங்கே அவர்களை நிறுத்துவது எது?

ஜெபக்கூட்டத்தில் போய் உட்காருவதற்கு ஒரு சாயங்காலம் போதும். ஞானஸ்நானம் எடுத்தால் கோயில் வரி, கலியாணம், சாவு வீடு என்று லயக் குடியிருப்பின் கொடுக்கல் வாங்கல் முழுவதும் மாறும். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதால்தான் ஒரு சாரார் 'அறுவடை' என்றும் மறு சாரார் 'ஆள்பிடிப்பு' என்றும் பேசுகிறார்கள். இரண்டு பேரும் எண்ணுவது அதே இளைஞர்களைத்தான். அவர்களிற் பெரும்பாலோர் இரண்டு கணக்கிலும் சேராதவர்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பார்க்கும் நிலப்பரப்பு பெரகலையைச் சுற்றியது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக ஏறிவரும் ஏ-4 பாதையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளைக்குப் போகும் ஏ-16 பாதை பிரியும் சந்தி அது. கீழே கொஸ்லந்தை, வெல்லவாய; மேலே அப்புத்தளைத் தோட்டங்கள். பதுளை மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி இந்தியத் தமிழர் எனப் பதிவானவர்கள் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பேர். மாவட்டத்தில் இந்துக்கள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கத்தோலிக்கரையும் ஏனைய கிறிஸ்தவரையும் கூட்டினாலும் மூன்று வீதத்தைத் தாண்டாது. நாடு முழுவதற்கும் கிறிஸ்தவர் ஏழு வீதத்துக்குச் சற்று மேல். குடிசனமதிப்புப் படிவத்தில் மதத்துக்கு ஒரேயொரு கட்டம்தான். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கும் ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் போகிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை அந்தக் கட்டத்தில் அடைப்பது அவளுடைய அப்பாவோ, படிவத்தோடு வருகிற உத்தியோகத்தரோதான்.

2. கைவசமுள்ள விளக்கங்கள்

முதலாவது, ஆசை காட்டி மாற்றுகிறார்கள் என்ற விளக்கம். இதற்கு அரசியல் பலம் அதிகம். தமிழ்நாட்டில் 2002இல் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது; 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு அதே அரசே அதைத் திரும்பப் பெற்றது. இலங்கையில் 2004இல் ஜாதிக ஹெல உறுமய கட்சி ஏறத்தாழ அதே வார்ப்பில் ஒரு சட்டமூலத்தை முன்வைத்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது, சட்டமூலம் சட்டமாகவில்லை. இவ்வகைச் சட்டங்களுக்கு அடியில் ஓர் எண்ணம் கிடக்கிறது: ஏழைகளும் பெண்களும் இளவயதினரும் தாங்களாக எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, யாராவது அவர்களை விலைக்கு வாங்குகிறார்கள் என்பது. தோட்டத் தொழிலாளியைப் பற்றித் துரைமார் நூறு வருடம் வைத்திருந்த எண்ணமும் இதுதான்.

உதவிப் பொருள் கொடுத்து ஆள் சேர்த்த சம்பவமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் லயங்களில் நடக்கும் சிறு சபைகளில் பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் ஆனது. அந்தச் சம்பளத்தில் மாதம் இருபது நாள் வேலைப் பேர் விழுந்தால் 27,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதி, சங்கச் சந்தா, முற்பணம் எல்லாம் கழிந்து கைக்கு வருவது அதைவிடக் குறைவு. மொத்தச் சம்பளத்தில் தசமபாகம் என்றால் 2,700 ரூபா. விசுவாசி கொடுக்க வேண்டிய தொகை இது. மாதாமாதம் பத்திலொன்று கேட்கும் இடத்துக்குக் காசுக்காகப் போகிறார்கள் என்ற விளக்கம் முதற் கூட்டத்துக்குப் பொருந்தினாலும் பொருந்தலாம், மூன்றாம் வருடத்துக்குப் பொருந்தாது.

பேரிடர்க் காலத்தை வைத்தும் இந்த வாதத்தைச் சோதிக்கலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. உயிர் தப்பியவர்கள் மாக்கல்தெனியவில் இயங்காமற் கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நீண்ட காலம் தங்க நேர்ந்தது. அந்நாட்களில் கோயில்களும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் சபைகளும் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் பொருட்களோடு வந்தன. உதவி எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. ஒரு திசை மட்டும் சந்தேகத்துக்கு ஆளாகிறது. ஆகவே உதவியை மட்டும் வைத்து எதையும் விளக்கிவிட முடியாது.

இரண்டாவது, இளைய தலைமுறை விசுவாசத்துக்கு மனம் திறந்துவருகிறது என்ற உலகளாவிய கதை. பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் 2025இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 முதல் 24 வயது வரையானவர்களில் மாதம் ஒரு தடவையாவது தேவாலயம் போகிறவர்கள் 2018இல் நான்கு வீதமாக இருந்து 2024இல் பதினாறு வீதமானதாகச் சொன்னது. அது இணையத்தில் தாமாகப் பதிந்துகொண்ட குழுக்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு. எழுமாற்று மாதிரியை வைத்து எடுக்கப்படும் ஆய்வுகளில் அப்படி ஓர் ஏற்றம் தெரியவில்லை என்று சமூகவியலாளர் பலர் மறுத்தார்கள். இது நமக்குத் தொலைவான சங்கதிதான். ஆனாலும் பாடம் ஒன்று உண்டு. 'மனம் திறந்திருக்கிறதா' என்று கேட்டால் இளையோர் 'ஓம்' என்பது எளிது. அந்த 'ஓம்' எதற்கான சம்மதம் என்பதைக் கருத்துக்கணிப்பு சொல்லாது.

மூன்றாவது, கல்விப்புல விளக்கங்கள். மானிடவியலாளர் ரொபின் ஹோர்ட்டன் 1971இல் ஆபிரிக்க மதமாற்றம் பற்றி எழுதியபோது, சிறு உலகத்துக்குள் வாழும் மனிதருக்கு அந்த இடத்துத் தெய்வங்கள் போதும், எல்லை உடைந்து பேருலகத்தோடு தொடர்பு வரும்போதுதான் எங்கும் நிறைந்த ஒரே கடவுள் தேவையாகிறார் என்றார். தோட்டத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துவதுபோலத் தோன்றும். கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச் சாமி, தொழிற்சாலை இயந்திரச் சக்கரத்துக்கு ரோதைமுனி. கொழும்பில் கடையில் நிற்கும் பையனுக்கு ரோதைமுனியால் என்ன ஆகும்? ஆனால் நடப்பது நேர்மாறு. வெளியே போன பிள்ளைகள்தான் திருவிழாவுக்கு லீவு எடுத்து வருகிறார்கள்; கொழும்புச் சம்பளமும் வளைகுடாச் சம்பளமும் கோயில் கோபுரமாக எழும்புகின்றன. ஊரைவிட்டு விலகினால் ஊர்த்தெய்வம் சிறுத்துவிடும் என்பது இங்கே மெய்ப்படவில்லை.

மானிடவியலாளர் நதானியேல் ரொபர்ட்ஸ் சென்னைச் சேரி ஒன்றின் பெந்தகொஸ்தேப் பெண்களைப் பற்றி 2016இல் வெளியிட்ட நூல் நமக்கு இன்னும் நெருங்கியது. மதம் மாறியவரும் மாறாதவரும் அங்கே இரு முகாம்களாகப் பிரியவில்லை என்றும், பிறர் தம்மேல் அக்கறை கொள்ள வேண்டும் என்ற ஏக்கமே விசுவாசத்தின் மையத்தில் இருந்தது என்றும் அவர் காட்டினார். அக்கறை பற்றிய அவருடைய வாதம் ஊவாவுக்கும் செல்லும். பிரியவில்லை என்பது அப்படியே செல்லாது. சென்னைச் சேரியில் ஒருவர் இன்னொரு தெருவுக்குக் குடிபோகலாம். தோட்டத்தில் வீடும் வேலையும் சுடுகாடும் ஒரே நிர்வாகத்தின் காணியில் இருக்கின்றன. பக்கத்து லயக் காம்பராவோடு மனத்தாங்கல் வந்தால் ஒதுங்கிப்போக வேறு தெரு கிடையாது.

3. பழைய திருச்சபைகள்: பேர் உண்டு, ஆள் இல்லை

தோட்டக் கிறிஸ்தவம் நேற்று வந்ததல்ல. திருநெல்வேலியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் கங்காணிமாரோடு வந்தவர்களில் ஒரு பகுதியினர் வரும்போதே கிறிஸ்தவர்கள். அவர்களுக்காகவும் மற்றவர்களிடையே பிரசங்கிக்கவும் 1854இல் கண்டியை மையமாகக் கொண்டு 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பட்டது. தோட்டத் துரைமாரின் நன்கொடையில், அங்கிலிக்கன் மிஷனரிகளின் மேற்பார்வையில், தமிழ் உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து நடத்திய வேலை அது. நன்கொடைப் பட்டியலில் துரையின் பேர் இருந்த காரணத்தாலேயே லயத்தில் அந்த மதத்துக்கு ஒரு நிறம் விழுந்துவிட்டது. கிறிஸ்தவம் பங்களாவின் மதம். உபதேசி பங்களாவின் ஆள்.

கட்டடங்கள் அந்தக் கதையை இன்றும் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. பதுளை புனித மாற்கு தேவாலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் நினைவாக எழுந்தது. ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளைச் சுட்டவர் என்று பேர் பெற்ற அந்த நிர்வாகி 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அப்புத்தளை புனித அந்திரேயா தேவாலயம் 1869ஆம் ஆண்டினது. அதன் வளவில் தோட்டத் துரைமாரான வெள்ளையரின் கல்லறைகள். அங்கிருந்து சற்றுத் தள்ளி, தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷாம் பங்களா பின்னாளில் பெனடிக்டைன் துறவிகளின் மடமானது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்து, துறவிகள் செய்த ஜாம் வாங்கிக்கொண்டு திரும்பும் இடம். அப்புத்தளைப் பக்கத் தங்கமலைத் தோட்டத்துப் பையனுக்கு இவை மூன்றும் காட்சிப் பொருட்கள். அவனை உள்ளே வராதே என்று யாரும் தடுக்கவில்லை. வா என்று கூப்பிடவும் ஆள் இல்லை.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1972 டிசம்பரில் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டி ஆயராக இருந்த லியோ நாணாயக்கார வசதியான அந்தப் பதவியை விட்டு, பதுளையும் மொனராகலையும் அடங்கிய இந்த ஏழை மறைமாவட்டத்துக்கு வந்தார். பண்டாரவளையில் அவர் தொடங்கிய 'சேவக செவன' குருமடம், குருமாணவர்களை மதிலுக்குள் பூட்டிவைக்காமல் கிராமங்களிலும் தோட்டங்களிலும் மக்களோடு வாழவைத்தது. அங்கே பணியாற்றிய அருட்தந்தை மைக்கேல் ரொட்ரிகோ 1980இல் புத்தலைப் பக்கம் ஒரு சிங்கள பௌத்தக் கிராமத்தில் குடியேறினார். யாரையும் ஞானஸ்நானத்துக்கு அழைக்காமல் பௌத்த விவசாயிகளின் அயலவராக வாழ்ந்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி ஒப்புக்கொடுக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலத்தில் கண்டியிலிருந்து இயேசுசபைக் குரு போல் காஸ்பர்ஸ் 'சத்யோதய' நிறுவனத்தின் மூலம் தோட்ட மக்களின் குடியுரிமைக்கும் சம்பளத்துக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். இலங்கைத் திருச்சபை வரலாற்றின் மிகத் துணிச்சலான காலம் இதுவென்பது என் எண்ணம். அந்தத் துணிச்சல் அநீதியைப் பற்றிப் பேசியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்தொன்பது வயதுப் பிள்ளை எங்கே போவது என்பது அதன் கேள்வியாக இருக்கவில்லை. அந்தக் கேள்வியைப் பெந்தகொஸ்தேக்காரர் கேட்டார்கள்.

பள்ளிக்கூடங்கள் கையைவிட்டுப் போனதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோடு பழைய திருச்சபைகளுக்கும் பட்டணத்து இளையோருக்கும் இருந்த அன்றாடத் தொடர்பு சுருங்கியது. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசிடம் போயின. மிஞ்சியது குழந்தை ஞானஸ்நானப் பதிவேடு. அங்கிலிக்கன், மெதடிஸ்த, கத்தோலிக்கத் திருச்சபைகளில் பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே அங்கத்துவம் வந்துவிடுகிறது. பிறகு இருபது வருடம் தேவாலய வாசலை மிதிக்காவிட்டாலும் பேர் இருக்கும். பெந்தகொஸ்தே சபை குழந்தைக்கு ஜெபம் மட்டும் செய்யும். வளர்ந்து, சாட்சி சொல்லி, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் பேர். ஆகவே ஒன்றில் ஆளில்லாத பேர்கள், மற்றதில் பேரில்லாத ஆட்கள். இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் எது வளர்கிறது, எது தேய்கிறது என்று ஒப்பிடுவது வீண் வேலை.

4. லயத்துச் சபை

பெந்தகொஸ்தே இயக்கம் இலங்கைக்கு வெள்ளைக்காரத் துரையோடு வரவில்லை. டென்மார்க்கில் நடிகையாக இருந்து ஊழியக்காரியான அன்னா லெவினி 1919இல் கொழும்பு வந்தார்; அவர் தொடங்கிய வேலை பிற்பாடு அசெம்பிளிஸ் ஒஃப் கோட் சபையின் வேர்களில் ஒன்றானது. 1920களில் 'சிலோன் பெந்தகொஸ்தே மிஷன்' பிறந்தது. அதை நிறுவிய போதகர் போல், ராமன்குட்டி என்ற பேரில் கேரளத்தில் இந்துக் குடும்பத்தில் பிறந்து சிறுவயதில் இலங்கைக்கு வேலைக்கு வந்தவர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்த ஒருவர் தொடங்கிய சபை, அப்படியே கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் வேர் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

கூட்டம் பெரும்பாலும் ஒரு காம்பராவில்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாத்திவிட்டுப் பாய் விரிப்பார்கள். மூலையில் கீபோர்டு, ஒரு கஞ்சிரா, தகரக் கூரை அதிர ஒரு சின்ன ஒலிபெருக்கி. கீபோர்டு வாசிக்கிறவன் பெரும்பாலும் முறையாகப் படித்தவனல்ல. 'இயேசு அழைக்கிறார்' நிகழ்ச்சியையும் தமிழ்நாட்டுப் பாடகர்களையும் கைத்தொலைபேசியில் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டவன். கொழுந்து மலையிலிருந்து வந்து கைகால் கழுவிய பெண்கள் ஒரு பக்கம், பையன்கள் கதவோரம். பாட்டு, ஆராதனை, சாட்சி, பிரசங்கம், கடைசியில் தலையில் கைவைத்துத் தனித்தனியாக ஜெபம்.

இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் வெளியார் கவனிப்பதில்லை. வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்களத்தில் பிள்ளைக்கு ஓர் இலக்கம். சங்கக் கூட்டத்தில் அவள் ஒரு கை. கோயில் கமிட்டியில் அவளுடைய அப்பாவின் பேர். இங்கே ஒரு மனிதர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, 'என்னம்மா உங்க காரியம்' என்று கேட்கிறார். பாஸ்டர் ஐயா 'நீங்க' என்று பேசுகிறார். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு விட்டுப்போனதும், தங்கச்சிக்கு வலிப்பு வருவதும், அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பதும் சொல்லக்கூடிய விஷயங்கள் ஆகின்றன. குடிக்கு எதிராகச் சபை கொண்டிருக்கும் கண்டிப்பும் இளம்பெண்களின் கண்ணில் பெரிய விஷயம். குடிக்காத மாப்பிள்ளை என்பது தோட்டத்தில் சின்ன வரம் அல்ல.

இதோடு பதவியும் உண்டு. கோயில் நிர்வாகத்தில் இளைஞன் பந்தல் கட்டுவான், தண்ணீர் இறைப்பான். மைக் பெரியவர் கையில். சபையில் பதினெட்டு வயதுப் பிள்ளை ஞாயிறு பள்ளி ஆசிரியை, பாட்டுக் குழுத் தலைவி. சாதியைப் பற்றிச் சபைக்குள் பேச்செடுக்க மாட்டார்கள். கோயில் காரியங்களில் எந்தக் குடும்பத்துக்கு எந்த மரியாதை என்ற வரிசை இன்னும் முற்றாக அழியாத தோட்டங்களில், அந்த மௌனமே ஓர் அழைப்பாக விழுகிறது. அந்த மௌனம் கலியாணப் பேச்சு வரும்வரைதான் நீடிக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

5. நிற்கும் இடங்கள்

இத்தனை இருந்தும் முழுக்கு எடுக்காமல் வருடக்கணக்காக வந்துபோகிறவர்கள் ஏன் இத்தனை பேர்? சபைகள் இவர்களைத் 'தீர்மானம் எடுக்காதவர்கள்' என்று அழைத்து, இதை மனத்தின் பலவீனமாக வைத்துப் பேசுகின்றன. எனக்கு அது மனத்தின் காரியமாகப் படவில்லை.

முதலில் திருவிழா. மாசியில் காமன் கூத்து, பிறகு மாரியம்மன் திருவிழா. வேசம் கட்டுவதும், தப்படிப்பதும், கரகத்தோடு இரவு முழுக்க நடப்பதும், காவடி எடுப்பதும் இளைஞர்கள். ஒரு டிவிசனில் நாலு நல்ல தப்புக்காரர் இருந்து, அதில் ஒருவன் முழுக்கு எடுத்தால் கூத்தில் நாலிலொரு பங்கு போயிற்று. கோயில் தலைவரின் கோபத்தில் சமயத் தத்துவம் குறைவு. ஆள் பற்றாக்குறை அதிகம். ஏற்கெனவே பாதிப் பிள்ளைகள் கொழும்பில். வரியும் அப்படித்தான். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயில் பணம் போடுவது பொது ஏற்பாடு. சில தோட்டங்களில் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். 'நாங்க வேதத்துக்குப் போயிட்டோம், பிடிக்காதீங்க' என்று ஒரு வீடு எழுதிக்கொடுத்தால் அந்தத் தொகை மற்ற வீடுகளின் மேல் விழும்.

அடுத்தது நெற்றி. கண்டிப்பான சபைகளில் பொட்டு, பூ, நகை மூன்றும் கூடாது. பையன் முழுக்கு எடுத்தால் மறுநாள் மலையில் அவனைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. பெண்ணை நிரையில் நிற்கும்போதே எல்லாரும் கண்டுகொள்வார்கள். வெறும் நெற்றி சொல்லிவிடும். ஆகவே கூட்டத்தில் பெண்பிள்ளைகள் அதிகம், முழுக்கில் அந்த அளவுக்கு இல்லை என்ற நிலைக்கு நம்பிக்கையின் ஆழத்தைக் காரணமாகத் தேட வேண்டியதில்லை. ஒரே தீர்மானம் இருவருக்கும் ஒரே விலைக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது கலியாணம். மாமன் மகன், அத்தை மகள் உறவு இன்னும் உயிரோடு இருக்கும் சமூகம் இது. முழுக்கு எடுத்த பெண்ணுக்கு விசுவாசியான மாப்பிள்ளை வேண்டும் என்று சபை கேட்கும்; உறவுக்குள் அப்படிப்பட்ட மாப்பிள்ளை இருக்கமாட்டான். சபைக்குள் இருப்பவன் வேறு சாதியாக இருப்பான். முன்பு சொன்ன மௌனம் இந்த இடத்தில் உடைகிறது. பாஸ்டரே 'உங்க வீட்டாளுங்க மாதிரி' ஒரு இடம் பார்க்க ஆரம்பிப்பார். தென்னிந்தியக் கிறிஸ்தவத்தின் பழைய கதைதான் இது. மானிடவியலாளர் டேவிட் மோஸ் இராமநாதபுரத்துக் கத்தோலிக்கக் கிராமம் ஒன்றைப் பற்றி எழுதிய நூலில் இதன் நானூறு வருட வடிவத்தைக் காணலாம். பல பெண்கள் கலியாணத்தோடு நின்றுவிடுகிறார்கள். புருசன் வீட்டுக் கோயிலுக்குப் போய்க்கொண்டே, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பழைய பாஸ்டருக்குப் போன் எடுக்கிறார்கள்.

நான்காவது சாவு. எல்லாத் தடைகளிலும் இதுவே கடினமானது. அப்பா செத்தால் மூத்த மகன் மொட்டை போட வேண்டும். நீர்மாலை எடுக்க வேண்டும். கருமாதி செய்ய வேண்டும். முழுக்கு எடுத்தவன் இவற்றைச் செய்தால் சபையில் விளக்கம் சொல்ல வேண்டும். செய்யாவிட்டால் பங்காளிகள் ஆயுளுக்கும் பேசமாட்டார்கள். 'அப்பா இருக்கிறவரைக்கும் முழுக்கு வேண்டாம்' என்பது தோட்டத்து இளைஞர் வாயில் சாதாரணமாக வரும் பதில். அதில் அவிசுவாசம் ஒன்றும் இல்லை. மகன் என்ற கடமைக்கும் விசுவாசத்துக்கும் ஒரு காலவரிசை போட்டுக்கொள்கிறார்கள்.

6. 99ஆம் இலக்கப் பேருந்து

பதுளையிலிருந்து பெரகலை வழியாகக் கொழும்புக்கு ஓடும் 99ஆம் இலக்கப் பேருந்து இந்த விவாதத்தில் எந்தப் பிரசங்கியாரைவிடவும் முக்கியமானது. பரீட்சை முடிந்த கையோடு பையன்கள் புறக்கோட்டைக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும், பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த ஓட்டம் இன்னும் கூடியது. லயத்தின் நான்கு தடைகளும் இல்லாத இடம் கொழும்பு. அங்கே போனால் முழுக்கு எடுப்பவர் தொகை எகிற வேண்டும் அல்லவா?

சிலர் எடுக்கிறார்கள், மறுக்க முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய ஓட்டம் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தை நோக்கிப் போகிறது. மெழுகுதிரி கொளுத்தி, சொரூபத்தின் கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டு, நேர்த்தி வைத்துவிட்டு வருகிறார்கள். அந்தோனியார் யாருடைய பேரையும் கேட்பதில்லை. பொட்டை அழிக்கச் சொல்வதில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று அங்கே குண்டு வெடித்த பிறகும், திருத்தலம் திறந்ததும் இந்துக்களும் பௌத்தர்களும் திரும்பி வந்தார்கள். கிறிஸ்தவ விசுவாசத்துக்குத் திறந்திருப்பது என்பதை இப்படிப் பொருள் கொண்டால், மலையக இளையோர் நூறு வருடமாகத் திறந்தே இருக்கிறார்கள். கிறிஸ்தவத்தை ஒரு வழிபாடாக ஏற்க அவர்களுக்குத் தயக்கம் இல்லை. குடும்பத்திலிருந்து தம்மைப் பிரித்தெடுக்கும் அங்கத்துவமாக ஏற்கத்தான் தயக்கம்.

இதற்கு ஒரு மறுப்பு சொல்லலாம்: இது வெறும் சந்தர்ப்பவாதம், எந்தச் சாமி பலிக்கிறதோ அதைக் கும்பிடுவது. பாஸ்டர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், சில கத்தோலிக்கக் குருமாரும்தான். பலிப்பதைத் தேடுவது உண்மை. ஆனால் காசு இல்லாதவனின் தேடலை மட்டும் சந்தர்ப்பவாதம் என்று அழைத்து, மகனின் விசாவுக்காகத் திருத்தலம் போகும் கொழும்புப் பணக்காரரின் தேடலைப் பக்தி என்று அழைக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை.

7. சட்டமும் காணியும்

அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தான் விரும்பும் மதத்தைக் கொண்டிருக்கவும் தழுவவும் எவருக்கும் சுதந்திரம் தருகிறது. 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் துறவற சபையின் வழக்கில் உயர் நீதிமன்றம் 2003இல், மதத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பில் இல்லை என்ற போக்கில் தீர்மானித்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2005இல் அதை உரிமை மீறலாகக் கண்டது. 2008இல் மத அலுவல்கள் அமைச்சு, புதிய வழிபாட்டிடங்களுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டது. காம்பராவில் கூடும் சபைகளை மூடச் சொல்லிப் பொலிசார் பல தடவை இந்தச் சுற்றறிக்கையைக் காட்டியிருக்கிறார்கள்.

தோட்டத்தில் அதற்கும் முந்திய அனுமதி ஒன்று இருக்கிறது. 1972, 75 காணிச் சீர்திருத்தங்களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992 முதல் குத்தகைக்குக் கம்பனிகளின் கையில் இருக்கின்றன. காம்பராவும் கோயில் நிற்கும் மேடும் சுடுகாடும் கம்பனியின் கீழ். கோயில் பழையது, யாரும் அனுமதி கேட்கமாட்டார்கள். சபை புதியது, தோட்டத்துரை ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் இன்னொரு டிவிசனுக்கு மாறும். சொந்தக் காணி இல்லாத சமூகத்தில் மதச் சுதந்திரம் தோட்ட நிர்வாகத்தின் மனநிலையைப் பொறுத்தது. ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் கிடைத்த இடங்களில் சபைகள் வெளிப்படையாகப் பலகை மாட்டத் தொடங்குவதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

கலியாணத்தில் சட்டத்தின் பாடு இன்னும் நுட்பமானது. பதிவு பெற்ற வழிபாட்டிடத்தில் குருவானவர் நடத்தும் திருமணத்துக்குச் சட்டவலு உண்டு. காம்பராச் சபை அப்படிப் பதிவாவது அரிது. கத்தோலிக்கத் திருச்சபையிடம் இன்னொரு வசதி இருக்கிறது: கத்தோலிக்கர் ஒருவர் ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரிடமிருந்து விதிவிலக்கு வாங்கலாம். மாப்பிள்ளை இந்துவாகவே இருக்கலாம். பெண் தன் விசுவாசத்தைக் காத்து, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடிந்ததைச் செய்வதாக வாக்குக் கொடுத்தால் போதும். லயத்து இளையோர் நின்றுவிடும் அதே இடத்துக்கென்றே திருச்சபைச் சட்டம் போட்டுவைத்த வழி அது. ஆனால் அவர்கள் கூடியிருப்பது அந்தச் சட்டம் செல்லும் பங்கில் அல்ல. அவர்களுடைய சபையில் நடுவழி என்று ஒன்று கிடையாது, முழுக்கு உண்டு அல்லது இல்லை.

அதனால் அவர்களாகவே ஒரு வழி செய்துகொள்கிறார்கள். பதிவாளரிடம் போய்க் கையெழுத்துப் போடுவது. முகூர்த்தத்தில் கோயில் மண்டபத்தில் தாலி. பந்திக்குப் பிறகு, பெரியவர்கள் சற்று ஓய்ந்த நேரத்தில், பெண்ணின் பாஸ்டர் வீட்டுக்கு வந்து இருவர் தலையிலும் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போவார். மாப்பிள்ளையின் தாய் அவருக்கும் ஒரு தாம்பூலப் பை கொடுப்பார். அவர் வெற்றிலையை எடுத்துவைத்துவிட்டுத் தேங்காயை வாங்கிக்கொள்வார்.